கான்வென்ட் பள்ளிகள் ஆரம்பத்திலிருந்தே வசதியானவர்களுக்காகத்தான் நடத்தப்பட்டனவா?

"கான்வென்ட் என்றாலே காசுள்ளவர்கள் பிள்ளைகள் படிக்கும் இடம். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடம் தொடங்கியதே அதற்குத்தானா?" என்பது உங்கள் கேள்வி. சபைகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சபையை மட்டும் வைத்துச் சொல்கிறேன்: பிரசென்டேஷன் கன்னியர் சபை. சென்னையில் சர்ச் பார்க் என்று எல்லோரும் சொல்லும் பள்ளி இவர்களுடையதுதான். நான் படித்ததும் இவர்களுடைய பள்ளி ஒன்றில். கையில் லாந்தர் பிடித்து நிற்கும் ஒரு பெண்ணின் படம் அங்கே மாட்டியிருக்கும். அவர்தான் சபையைத் தொடங்கிய நானோ நேகிள். அவர் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தபோதுதான் அந்த லாந்தருக்கு அர்த்தம் புரிந்தது.

நேரான பதில்: இல்லை. காசும் இல்லாமல், படிக்கச் சட்டத்தில் வழியும் இல்லாமல் கிடந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சபை இது.

நானோ பிறந்தது 1718இல், அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பாலிகிரிஃபின் என்ற ஊரில். அப்போது அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். சட்டமோ அவர்களுக்கு எதிரானது. 1695இல் வந்த சட்டப்படி கத்தோலிக்கர் யாரும் பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது. மீறினால் 20 பவுண்டு அபராதம், மூன்று மாதம் சிறை. பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதும் குற்றம். அதனால் வேலியோரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் ஒளித்து ஒளித்துப் பாடம் நடந்தது. நானோவின் குடும்பம் நிலபுலன் உள்ள குடும்பம், வெளிநாட்டில் வியாபாரத் தொடர்புள்ள சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆகவே அவரைச் சட்டத்தை மீறி பிரான்சுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். பாரிஸில் நல்ல வாழ்க்கை, விருந்து, நடனம். அப்பா இறந்த பிறகு ஊர் திரும்பியவர் ஏழைகளின் நிலையைப் பார்த்து மனம் தாங்காமல், ஜெபம் செய்தாவது உதவலாம் என்று பிரான்சுக்கே போய் மடத்தில் சேர முயன்றார். "உன் வேலை அயர்லாந்தில்தான்" என்று அங்கிருந்த குரு (பாதிரியார்) ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

1750களில் கார்க் நகரத்தில் தன் சகோதரர் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது முதல் பள்ளியைத் தொடங்கினார். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இதை அவரே 1769இல் ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கு மட்டும் தெரியும். தான் முன்னால் நிற்க முடியாது என்பதால் வேலைக்காரப் பெண்ணை அனுப்பி ஒரு டீச்சரைப் பிடித்து, 30 ஏழைப் பெண்பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னார். காலையில் இவர் பள்ளிக்கு நழுவிப் போவார். கோயிலுக்குப் பூசைக்குப் போயிருக்கிறாள் என்று சகோதரர் நினைத்துக்கொள்வார்.

ஒருநாள் ஓர் ஏழை மனிதர் வீட்டுக்கே வந்து, "உங்கள் சகோதரியிடம் சொல்லி என் பிள்ளையை அவர் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் ஐயா" என்று கெஞ்சினார். சகோதரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரோ புத்தி பேதலித்தவன் நம்ம நானோவை டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று மனைவியிடமும் நானோவிடமும் வந்து சொன்னார். அப்போதுதான் நானோ உண்மையை ஒப்புக்கொண்டார். சகோதரர் கொதித்துப்போனார், விளைவு என்ன ஆகும் என்று திட்டித் தீர்த்தார். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விஷயம் வெளியே வந்தால் குடும்பத்துக்கே ஆபத்துதானே. பிறகு சீக்கிரமே அவரும் சமாதானமானார். ஒன்பது மாதத்துக்குள் பிள்ளைகள் ஏறக்குறைய 200 பேர்.

அந்தக் கடிதம் எழுதும்போது ஏழு பள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து பெண்பிள்ளைகளுக்கு, இரண்டு பையன்களுக்கு. ஞானோபதேசம் (கத்தோலிக்க மறைக்கல்வி), வாசிப்பு, பிறகு பையன்களுக்கு எழுத்தும் கணக்கும், பெண்பிள்ளைகளுக்குக் கைவேலை. சித்தப்பா விட்டுப்போன சொத்து முழுக்க இதற்கே போனது. அது தீர்ந்த பிறகு வீடு வீடாகப் போய்க் கை நீட்டியிருக்கிறார். பகலெல்லாம் பள்ளிகள், இரவானால் லாந்தரை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நோயாளிகளையும் வயதானவர்களையும் பார்க்கப் போவார். படத்தில் இருக்கும் லாந்தர் அதுதான்.

சரி, இவ்வளவு செய்பவருக்குச் சபை எதற்கு? தனக்குப் பிறகு பள்ளிகள் நிற்க வேண்டுமே என்ற கவலை. முதலில் புதுச் சபை தொடங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஏற்கெனவே பிரான்சில் பேர்பெற்ற ஊர்சுலின் கன்னியரைத் தன் செலவில் மடம் கட்டிக் கொடுத்து 1771இல் கார்க்குக்கு வரவழைத்தார். வந்தார்கள், நல்ல பள்ளியும் நடத்தினார்கள். ஆனால் அவர்கள் அடைப்பு மடத்து விதிக்கு உட்பட்டவர்கள், மதிலைத் தாண்டி வெளியே போகக்கூடாது. நகரம் முழுக்கச் சிதறிக் கிடந்த குடிசைப் பள்ளிகளுக்கு அவர்களால் வர முடியாது. மடத்தில் வசதியான வீட்டுப் பெண்களுக்கான விடுதிப் பள்ளியும் வந்தது. உங்கள் கேள்விக்கான விதை இங்கேயே இருக்கிறது பாருங்கள். அது கன்னியரின் மனசு சம்பந்தப்பட்டதல்ல, மதில் சம்பந்தப்பட்டது. வெளியே போக முடியாத ஆசிரியை, உள்ளே வரக்கூடிய பிள்ளைக்குத்தான் பாடம் எடுக்க முடியும்.

எனவே 1775 டிசம்பர் 24 அன்று மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு நானோ தன் சொந்தச் சபையைத் தொடங்கினார். நோக்கம் ஒன்றே: ஏழைகளுக்குக் கல்வி, அதுவும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய். ஊர்சுலின் மடத்துக்குப் பக்கத்திலேயே புது மடத்துக்கு வேலை நடந்தபோது, அதுவரை அவருக்குத் துணையாக இருந்த குரு மொய்லன் எதிர்த்தார். வேறு இடத்தில் கட்டுங்கள், இல்லையென்றால் இடித்துவிடுவேன் என்கிற அளவுக்குப் போனது. நானோ சத்தம் போடவில்லை. இங்கிருந்து துரத்தினால் கார்க்கில் இந்த வேலையே வேண்டாம், அயர்லாந்தில் என்னை வரவேற்கும் வேறு ஊருக்குப் போய்விடுகிறேன் என்றார். மொய்லன் அடங்கிவிட்டார், பின்னாளில் அவரே கார்க் ஆயரும் (பிஷப்) ஆனார். அந்தப் புது மடத்தில் 1777 கிறிஸ்துமஸ் அன்று 50 பிச்சைக்காரர்களை அழைத்து உட்காரவைத்து, கன்னியரே பரிமாறினார்கள். 1784 ஏப்ரல் 26இல் நானோ காலமானார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். 1805இல் போப் ஏழாம் பயஸ் இந்தச் சபையை முழு அங்கீகாரத்தோடு உறுதிப்படுத்தினார். கூடவே அடைப்பு மடத்து விதியும் வந்தது. எந்த மதில் வேண்டாம் என்று நானோ புதுச் சபை தொடங்கினாரோ, அவர் இறந்து 21 வருஷத்தில் அதே மதில் அவர் பிள்ளைகளைச் சுற்றி எழும்பிவிட்டது. சபை நிலைக்கவும் பெண்கள் நம்பிச் சேரவும் அங்கீகாரம் தேவைப்பட்டது என்பது நியாயம்தான். இருந்தாலும் லாந்தர் பிடித்து நடந்தவரின் சபைக்கு அது பெரிய விலை.

நானோவின் யோசனை மட்டும் உள்ளே அடைபடவில்லை. வாட்டர்ஃபோர்டில் எட்மண்ட் ரைஸ் 1802இல் ஏழைப் பையன்களுக்குப் பள்ளி தொடங்கி, அவரும் தோழர்களும் நானோ சபையின் விதிகளையே எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவ சகோதரர்கள் சபை அப்படி வந்ததுதான். டப்ளினில் கேதரின் மக்காலி என்ற பெண்மணி, பிரசென்டேஷன் மடத்திலேயே பயிற்சி பெற்று 1831இல் வார்த்தைப்பாடு (துறவு உறுதிமொழி) கொடுத்துவிட்டு, வெளியே வந்து மெர்சி சபையைத் தொடங்கினார். அதில் அடைப்பு விதி இல்லை. தெருவில் நடந்து ஏழை வீடுகளுக்குப் போனதால் அவர்களை 'நடக்கும் கன்னியர்' என்றே மக்கள் அழைத்தார்கள். தாய் வீட்டில் நின்றுபோன நடை மகள் வீட்டில் தொடர்ந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பிரசென்டேஷன் கன்னியருக்கு, கத்தோலிக்கத் திருச்சபை தன் நடைமுறைகளைப் புதுப்பித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) அப்புறம்தான் அந்தக் கதவு முழுதாகத் திறந்தது.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் அவர்கள் கடல் தாண்டினார்கள். 1833இல் நியூஃபவுண்ட்லாந்து (இன்றைய கனடாவில் உள்ள தீவு). 1842இல் மதராஸ். மதர் சேவியர் கரன் தலைமையில் ஒரு சின்னக் குழு மாதக்கணக்கில் கப்பலில் வந்து ஜார்ஜ் டவுனில் இறங்கியது. சர்ச் பார்க் பள்ளி வந்தது 1909இல். ஜெயலலிதா 1964இல் மெட்ரிக் முடித்தது அங்கேதான். உங்களைப் போல் பலரும் 'கான்வென்ட்' என்றதும் நினைப்பது இந்த மாதிரி, ஆங்கில வழியில், கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளியைத்தான். இந்த ஊரில் அந்த எண்ணம் வளர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆங்கிலம் வேலைக்கு வழி என்று ஆன பிறகு, கான்வென்ட்டில் இடம் என்பது வசதியான குடும்பங்கள் முட்டி மோதும் விஷயமாகிவிட்டது.

ஆகவே ஒரு கான்வென்ட்டைப் பற்றி முடிவு செய்யும் முன், அதை நடத்தும் சபை எது, எந்த ஊரில் யாருக்காகத் தொடங்கியது என்று பாருங்கள். பிரசென்டேஷன் சபை என்றால், 'அட்மிஷன்' கேட்டு முதலில் வந்த அப்பா, நானோவின் சகோதரர் வீட்டு வாசலில் நின்ற அந்த ஏழைதான்.