பயத்தங்காய் இலைல புள்ளி, ஓசோன் மீட்டர் வாங்கலாமா?

கேள்வி, சுங்கை சிப்புட்லேர்ந்து: ஐயா, லயத்துக்குப் பின்னால பயத்தங்காய் போட்டிருக்கேன். அடி இலையெல்லாம் பொடிப்புள்ளி விழுந்து வெளுத்து உதிருது. உரக்கடைக்காரரு இது ஓசோன்னு சொல்லி 280 ரிங்கிட்டுக்கு ஒரு கை மீட்டரும், அடிக்க ஒரு மருந்தும் காட்டுறாரு. வாங்கலாமா? ஓசோன் ஓட்டை இங்கயும் வந்துடுச்சா?

பதில்: தம்பி, காசை எடுத்து உள்ள வைங்க. ஓட்டை விழுறது அண்டார்டிகாவுக்கு மேல, அந்த ஓசோன் நமக்கு குடை மாதிரி, உங்க இலைய அது ஒன்னும் பண்ணாது. இலைய சுடுறது தரையோரம் உண்டாகுற ஓசோன், வண்டிப்புகையும் மரம் விடுற ஆவியும் வெயில்ல சேர்ந்து வர்றது, மத்தியானத்துக்கு மேலதான் உச்சம். செம்பனை ஐசோப்ரீன்னு ஒரு ஆவிய நிறைய விடும், 2008ல சபாவுல காட்டையும் செம்பனைத் தோட்டத்தையும் அளந்தவங்க தோட்டத்துலதான் அது அதிகம்னு பாத்தாங்க, ஆனா புகை சேராம அது ஓசோனா ஏறாது.

மீட்டர் விஷயத்துக்கு வரேன். பயிருக்கு ஆகாதுன்னு கணக்குப் போட ஆரம்பிக்கிறதே காத்துல நூறு கோடி பங்குக்கு 40 பங்கு ஓசோன்லேர்ந்து. அவ்ளோ நுணுக்கமா அளக்குற கருவி 254 நானோமீட்டர் புறஊதா ஒளிய காத்துக்குள்ள விட்டு எவ்ளோ உறிஞ்சுதுன்னு பாக்கும், விலை பல ஆயிரம் ரிங்கிட். கையடக்க மலிவு மீட்டருக்கு நம்ம ஊரு ஈரக்காத்தும் புகைல உள்ள நைட்ரஜன் டையாக்சைடும் போதும், நம்பர் தடுமாறிடும். ஊரு காத்து தெரியணும்னா சுற்றுச்சூழல் இலாகாவோட ஐபியு, அதான் காத்து மாசுக் குறியீடு, அதப் பாருங்க, அதுல ஓசோனும் சேர்த்திதான், காசும் இல்ல.

நீங்க கேட்டிருக்க வேண்டியது இது ஓசோன்தானான்னு. இலைய திருப்பிப் பாத்தீங்களா? யாரும் பாக்குறதில்ல, கடைக்காரரும் பாக்க சொல்றதில்ல, ஏன்னா திருப்பிப் பாத்தா மருந்து விக்காது, இத நான் வருஷக்கணக்கா சொல்லிட்டே இருக்கேன். ஓசோன்னா புள்ளி மேல்பக்கம் மட்டும், நரம்புக்கு நடுவுல, முத்தின இலைல முதல்ல, அடிப்பக்கம் சுத்தமா இருக்கும். சிலந்திப்பேன்னா, அதான் இலைக்கு அடில ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சுற பொடிப்பூச்சி, அடில மெல்லிசா நூலாம்படை. அந்த இலைய வெள்ளத் தாள்ல தட்டுங்க, மிளகாப்பொடி மாதிரி விழுந்து ஒரு நிமிஷத்துல நகர ஆரம்பிக்கும், நகத்தால தேய்ச்சா செவப்பா கறை. என் பாத்திலயே போன வறட்சில அப்படித்தான், வண்டுக்குன்னு அடிச்ச மருந்து பேன தின்ற பூச்சிய கொன்னுடுச்சு, பேன் பெருகிடுச்சு.

பேன்தான்னா காலைல தண்ணிய இலைக்கு அடில வேகமா பீச்சுங்க, மோசமான இலைய கிள்ளி எறிங்க, சாயங்காலம் வேப்பெண்ணெய சோப்புத்தண்ணில கரைச்சு அடில படுற மாதிரி அடிங்க. இலை ரெண்டு பக்கத்தையும் கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பாக்குற வரைக்கும் வேற எதையும் அடிக்காதீங்க.