தட்டு ஓரத்துல தனியா ஒரு வண்டு

கேள்வி: பழைய பீங்கான் தட்டு ஒண்ணு கைக்கு வந்திருக்கு. 18-ம் நூற்றாண்டு ஐரோப்பிய வேலைன்னு சொன்னாங்க. நடுவுல பூங்கொத்து, சரி. ஆனா ஓரத்துல சம்பந்தமே இல்லாம ஒரு வண்டு! சாப்பிடுற தட்டுல போய் யாராவது பூச்சி வரைவாங்களா?

பதில்: அந்த வண்டு மேல விரல் நுனியை வச்சு மெதுவா தடவிப் பாருங்க, அடியில சின்னதா ஒரு குழியோ பருவோ தட்டுப்பட்டா பாதி பதில் கிடைச்சிடும். அந்தக் காலத்துல சூளையில இருந்து வர்ற தட்டெல்லாம் பளிச்னு வராது, மண்ணுல இருந்த இரும்புத் துணுக்கு கரும்புள்ளியா நிக்கும், கிளேஸ்ல, அதாவது மேல இருக்குற கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சுல, ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழும், அவ்ளோ பாடுபட்டு சுட்டதை தூக்கிப் போட மனசு வருமா, புள்ளி எங்க இருக்கோ அங்க ஒரு ஈயோ வண்டோ உதிர்ந்த பூவோ வரைஞ்சிடுவாங்க. ஜெர்மனியில 1710-ல தொடங்கின மைசன் பீங்கான் ஆலையிலயும் சரி, இங்கிலாந்து செல்சி ஆலையிலயும் சரி, இது நடந்திருக்கு. எனாமல் கலர் கிளேஸுக்கு மேல போடுறது, அப்புறம் 800 டிகிரி வாக்குல இன்னொரு தடவை சுடுவாங்க, அதனால குறையைப் பார்த்த பிறகும் படத்தை முடிவு பண்ணலாம்.

அதுக்காக எல்லாப் பூச்சியும் ஒட்டுப்போட வந்ததுன்னு நினைச்சிடாதீங்க. மரியா சிபில்லா மெரியன்னு பூச்சிகளை ஆராய்ஞ்ச ஒரு ஓவியர் 1705-லயே தென் அமெரிக்காவுல இருக்குற சுரினாம் பூச்சிகளை, புழு, கூடு, பட்டாம்பூச்சின்னு அது தின்னுற செடியோடவே வரைஞ்சு புத்தகமா போட்டுட்டாங்க. செடியையும் பூச்சியையும் உத்துப் பார்க்குற ஆசை அப்போ படிச்சவங்க மத்தியில பரவலா இருந்துச்சு. மைசன்ல 1740 வாக்குல புத்தகப் படங்களைப் பார்த்து வரைஞ்ச பூச்சிகளுக்கு நிழல்கூட போட்டிருப்பாங்க, நிஜப் பூச்சி வந்து உக்காந்திருக்கோன்னு கை தானா தட்டிவிடப் போகும். எனக்கு ரொம்பப் பிடிச்சது டென்மார்க்கோட ஃப்ளோரா டானிகாங்கிற செடிப் படம் போட்ட சாப்பாட்டுத் தட்டு செட், 1790-ல ஆரம்பிச்சு 1802 வரைக்கும் வேலை நடந்துச்சு. அதுல அழகுக்குன்னு எதையும் மாத்தல, பல செடிகளை வேரோட அப்படியே வரைஞ்சு தட்டுக்குப் பின்னாடி லத்தீன் பேரும் எழுதியிருக்காங்க.

உங்க தட்டுல பூச்சிங்க சம இடைவெளியில இருந்தா திட்டம் போட்டு வரைஞ்சது, ஒண்ணே ஒண்ணு ஏதோ மூலையில ஒதுங்கியிருந்தா அடியில புள்ளி இருக்க வாய்ப்பு அதிகம். கிளேஸுக்கு மேல போட்ட எனாமல் கலர் தேய்ஞ்சிடும், டிஷ்வாஷர்ல போடாதீங்க, பழைய எனாமல்ல ஈயம் இருக்கும்ங்கிறதால புளிப்பான எதையும் அதுல பரிமாறவும் வேண்டாம்.