வெடிச்ச போத்தல் தான் ஒழுங்கா மூடியிருந்த போத்தல்

வணக்கம் அண்ணை,

நானும் திருகோணமலை தான், இப்ப ஸ்காபரோவில இருக்கிறன். ரெண்டு வருசமா வீட்டு பேஸ்மென்ற்ல பியர் காய்ச்சிறன். கார்த்திகையில தங்கச்சிக்குக் கலியாணம், வாறவைக்கு ஆளுக்கு ஒரு போத்தல் குடுக்க ஆசை. கம்பி மூடி போட்ட ஸ்விங் டொப் போத்தல் தான் வடிவு. ஒரு கடையில தெளிஞ்ச கண்ணாடியில சதுரப் போத்தல் மலிவா கிடக்கு, பழுப்புப் போத்தல் எண்டா இருமல் மருந்து மாதிரி இருக்கு எண்டு வீட்டில சொல்லுகினம். முதல்ல கொஞ்சம் வாங்கி நிரப்பிப் பாத்தன். சிலதில காஸே இல்லை, ஒண்டு இரவில வெடிச்சுப்போச்சு. மிச்சம் வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில கிடக்கு. எந்தப் போத்தல் நல்லம், எந்த நிறம்? ஊருக்கு வரேக்க அப்பாவுக்கும் ரெண்டு போத்தல் கொண்டு வரலாமோ? இல்லாட்டி அங்கயே காய்ச்சலாமோ?

— ஒரு வாசகர்

தம்பி,

முதல்ல அந்த வோஷிங் மெஷின் பக்கத்தில கிடக்கிற போத்தலைப் பாரும், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடி போடும், கைக்குத் தடிச்ச கிளவுஸ் போடும், மேல ஒரு கனமான துவாயைப் போட்டு மூடி ஒவ்வொண்டா தூக்கி குளிரான இடத்துக்குக் கொண்டு போம். நல்லாக் குளிர்ந்த பிறகு, வெளியில வைச்சு, துவாயோடயே பிடிச்சு, கம்பியை மெல்லமாத் தளத்தி காஸை விடும். வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கோ இல்லையோ எண்டு நீர் எழுதேல்லை. இருந்தா, உடுப்புத் தோய்க்கிற இடத்தில இதை வைச்ச உம்மட மூளையை என்னெண்டு சொல்ல?

சரி. உம்மட கடிதம் வந்த நேரம் நானும் இதைத் தான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். போன கிழமை உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுசுக்கு ஒரு அலுவலாப் போனன், வாசல் மேசையில நல்ல வெயில் படுற மாதிரி இதே சதுரப் போத்தல் வரிசையா நிக்குது, உள்ள வீட்டில செய்த ஜிஞ்சர் பியர், கழுத்தில சணல் கயிறு, வெள்ளைக்காரர் போட்டோ எடுக்கினம். கச்சான் அடிக்கிற காலம், நிழலிலயே உடம்பு எரியுது. ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தன். அடி ஒரு பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் மெல்லிசு, மூலையில கண்ணாடி இழுபட்டுப் போய் கிடக்கு, நடுவில ஒரு சின்னக் குமிழ். அது எண்ணெயும் வினாகிரியும் ஊத்தி மேசையில வைக்கச் செய்த போத்தல். அந்தப் பெடியனிட்ட சொன்னன், தம்பி இதை பிறிச்சுக்குள்ள வையும் எண்டு. அவர் சிரிச்சுப்போட்டு "கம்பி மூடி தானே அங்கிள், காஸ் கூடினா அதுவாத் திறக்கும்" எண்டார்.

இந்தக் கதை தான் எனக்கு விசர். உமக்கும் மனசுக்குள்ள இதே நினைப்புத் தான் கிடக்கும், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

என்ர மாமி நத்தாருக்கு ஜிஞ்சர் பியர் செய்வா. பழைய பழுப்புப் போத்தல், வாயில தக்கை, தக்கையைச் சுத்தி நூல் கட்டு. போத்தலுக்குள்ள நாலைஞ்சு பிளம்ஸ், அதுதான் காஞ்ச முந்திரிகைப் பழம், போடுவா. அது முதல்ல அடியில கிடக்கும், பிறகு மேல பூவாட்டம் குமிழ் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொண்டா மேல வரும், எல்லாம் மேல வந்து நிண்டா குடிக்கலாம் எண்டு அர்த்தம், நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன சப்பாத்தும் கழட்டாமல் குனிஞ்சு பாக்கிறது அதைத் தான். ஒருநாள் பிந்தினா இரவில 'டப்' எண்டு சத்தம் வரும், தக்கை முகட்டில போய் அடிக்கும், மாமி எழும்பி வந்து பேசிப்பேசிச் சீலையால துடைப்பா. வீணாப்போறது அரைப் போத்தல் ஜிஞ்சர் பியர், அவ்வளவு தான். போத்தல் முழுசா நிக்கும். ஏனெண்டா தக்கையும் நூலும் போத்தலை விடப் பலவீனம். காஸ் கூடினா அது தான் முதல்ல தோக்கும்.

கம்பி மூடி அப்பிடித் தோக்கிறதுக்குச் செய்ததில்லை. தக்கையைக் கட்டுற கரைச்சல் வேண்டாம், திறந்து திறந்து மூடலாம் எண்டு தான் 1875இல நியூயோர்க்கில குவில்ஃபெல்ட் எண்டவர் இதுக்குப் பேற்றன்ற் எடுத்தார், அந்தக் கம்பி நெம்புகோல் மாதிரி வேலை செய்து ரப்பரைப் போத்தல் வாயில இறுக்கி அமத்துது. பிறகு 1892இல பெயின்ரர் எண்டவர் இப்ப சோடாப் போத்தலில இருக்கிற தகர மூடியைக் கொண்டு வந்தார், மலிவு, மெஷினால அடிக்கலாம், அதோட கம்பி மூடி பெரிய கம்பனியளிட்ட இருந்து மெல்ல மெல்லப் போச்சு. ஒல்லாந்தில குரோல்ஷ், வட ஜெர்மனியில ஃப்ளென்ஸ்பேர்கர் மாதிரி சில ஆக்கள் தான் விடாமல் பிடிச்சு வைச்சிருக்கினம். அவையளின்ர கண்ணாடி தடிப்பு, வட்டம், திரும்பத் திரும்பக் கழுவி நிரப்பவெண்டே செய்தது. மூடி மட்டும் ஒரே மாதிரி, உம்மட சதுரப் போத்தலின்ர கண்ணாடி வேற சாதி. வட்டமா இருந்தா அமுக்கம் சுத்திவரப் பரவும், சதுரத்தில தட்டைப் பக்கம் வெளியில வளையப் பாக்கும், மூலை தான் வாங்கிக் கட்டும்.

இப்ப உம்மட கதைக்கு வாறன். ஒரே காய்ச்சல், ஒரே நாள் நிரப்பினது, சிலதில காஸ் இல்லை, ஒண்டு வெடிச்சது. நீர் நினைக்கிறீர் வெடிச்சது பழுதான போத்தல், மற்றதும் பழுது எண்டு. எனக்கெண்டா, வெடிச்ச போத்தல் தான் ஒழுங்கா மூடியிருந்த போத்தல். மற்றதுகளின்ர மூடியில இருக்கிற ரப்பர் வளையம், அந்த வாசர், சரியில்லாமல் காஸ் ஒழுகிப்போய் உம்மட வீட்டைக் காப்பாத்தியிருக்கு. எல்லாத்திலயும் காஸ் கூட தான், சிலது மட்டும் அதைப் பிடிச்சு வைச்சிருக்கு.

ஏன் கூடினது? அவசரம். நொதிச்சு முடியமுதல் போத்தலில ஊத்தினீர், இல்லாட்டி சீனியைக் கரண்டியால போத்தல் போத்தலாப் போட்டீர். கணக்கு இதுதான், ஒரு லீற்றரில 4 கிராம் சீனி நொதிச்சா, அந்த ஒரு லீற்றர் பியரின்ர அளவுக்கு ஒரு மடங்கு காஸ் வரும். நொதிச்சு முடிஞ்ச பியருக்குள்ள ஏற்கனவே ஒரு மடங்குக்குக் கிட்டக் கரைஞ்சு கிடக்கும். எங்களுக்கு வேண்டியது ரெண்டரை மடங்கு அளவு தான், அதுக்கு லீற்றருக்கு 6 கிராம் சீனி காணும், 20 லீற்றருக்கு 120 கிராம், அதைத் தண்ணியில கொதிக்க வைச்சு முழுப் பியருக்கும் ஒண்டாக் கலந்து பிறகு ஊத்தோணும். அந்த ரெண்டரை மடங்கே 20 பாகை அறையில கிட்டத்தட்ட 2 பார் அமுக்கம், காரின்ர டயருக்கு அடிக்கிற காத்து மாதிரி. அதையே இஞ்ச எங்கட 32 பாகைச் சூட்டில வைச்சா 3 பாருக்குக் கிட்டப் போகும். இதெல்லாம் எல்லாம் சரியாச் செய்தா வாற கணக்கு. பியருக்குள்ள இன்னும் எவ்வளவு சீனி மிச்சம் எண்டு காட்டுற ஹைட்ரோமீற்றரில இன்னும் 4 புள்ளி இறங்க இருக்கேக்க நீர் மூடினா, அதுக்கு மேல இன்னும் ரெண்டு மடங்கு காஸ். அதால ரெண்டு மூண்டு நாள் விட்டு விட்டுப் பாக்கோணும், அதே எண் நிண்டா தான் ஊத்தலாம். குமிழ் வாறது நிண்டிட்டுது எண்டு சொல்லிக்கொண்டு என்னட்ட வராதையும்.

ஜிஞ்சர் பியர் இன்னும் மோசம். அதில இனிப்பு வேணும் எண்டு லீற்றருக்கு 100 கிராம் சீனி போடுறது சாதாரணம், ஈஸ்ட் விட்டா முழுதையும் தின்னும், 25 மடங்கு காஸ், உலகத்தில எந்தப் பியர் போத்தலும் அதைத் தாங்காது. அதால அதுக்கு முடிவு எண்டு ஒண்டில்லை, பிறிச் தான் முடிவு. நான் செய்யேக்க ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலிலயும் சேத்து நிரப்பிறனான். அதை அமத்திப் பாத்து கல்லாட்டம் வந்தவுடன எல்லாம் பிறிச்சுக்குள்ள. இந்தச் சூட்டில சில நேரம் அதுக்கு ஒரு நாள் கூடச் செல்லாது. உமக்கும் சொல்லுறன், ஒவ்வொரு தரமும் ஒரு பிளாஸ்ரிக் போத்தல் சேத்து நிரப்பும், வெக்கமில்லை.

நிறம் கேட்டீர். பழுப்பு. இருமல் மருந்து மாதிரி இருந்தா இருக்கட்டும், அதில லேபிளை ஒட்டும். வெளிச்சம் பட்டா பியருக்குக் கசப்புக் குடுக்கிற ஹொப்ஸ் பூவில இருக்கிற சாமான் உடைஞ்சு, உங்கட ரோட்டில ஸ்கங்க் எண்ட நாத்தம் பிடிச்ச மிருகம் அடிபட்டா வருமே ஒரு மணம், அதே மணம் வரும். பழுப்பு அதைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை கொஞ்சம், தெளிஞ்ச கண்ணாடி ஒண்டுமில்லை. பச்சைக் குரோல்ஷ் போத்தல் சும்மா கிடைச்சா எடும், பெட்டியில போட்டு இருட்டில வையும்.

புதுசு வாங்கவே தேவையில்லை எண்டு தான் எனக்குப் படுது. ஜெர்மனியில இருக்கேக்க ஒரு குடிவகைக் கடையில வெறும் போத்தல் திருப்பி எடுக்கிற பக்கம் வேலை செய்தனான். சாதாரண பியர் போத்தல் குடுத்தா 8 சென்ற், கம்பி மூடிப் போத்தல் குடுத்தா 15 சென்ற், பிளாஸ்ரிக் கிறேட்டுக்கு 1.50 யூரோ, ஆக 20 கம்பி மூடிப் போத்தல் உள்ள கிறேட் 4.50. பின்னேரம் முழுக்க அந்தப் புளிச்ச மணத்துக்குள்ள நிண்டு எண்ணுறது, வீட்டுக்கு வந்தா சோப்புப் போட்டும் கையில மணம் போகாது, மனுசி சாப்பாட்டுக் கோப்பையைத் தூர வைச்சுத் தருவா. அங்க ஒரு கிழவர் வருவார். வீட்டில காய்ச்சிறவர். கடைக்காரரோட கதைச்சு அந்த 15 சென்ற்றைக் கட்டிப்போட்டு வெறும் போத்தலைக் கொண்டு போவார். கண்ணால பாக்கமாட்டார், சுண்டுவிரலை வாயில வைச்சு ஒரு சுத்துச் சுத்துவார், நகத்தில ஒரு சின்ன உடைவு தட்டினா காணும், தள்ளி வைச்சிடுவார். பிறகு ரப்பர் வாசரைக் கழட்டி ரெண்டு விரலால மடிச்சு வெளிச்சத்துக்குப் பிடிப்பார். மடிப்பில மயிரளவு வெடிப்புத் தெரிஞ்சா, வாசர் அந்த இடத்திலயே குப்பைத் தொட்டிக்குள்ள. சட்டைப் பைக்குள்ள எப்பவும் புது வாசர் வைச்சிருப்பார். ஒருநாள் எனக்கும் ஒண்டு தந்து மடிச்சுப் பார் எண்டார், பழசு காஞ்ச தோல், புதுசு காதுச் சோணை மாதிரி மெதுவா இருந்தது.

அதால போத்தலை விட வாசரைப் பாரும் எண்டு தான் சொல்லுறன். ஒவ்வொரு தரமும் கழட்டிக் கழுவோணும், கீழ கறுப்பு அழுக்குப் பிடிச்சுக் கிடக்கும், அதில தான் பியரைப் புளிக்க வைக்கிற கிருமி குடியிருக்கும். கம்பியை அமத்தேக்க கைக்கு நல்ல எதிர்ப்புத் தெரியோணும், சும்மா விழுந்தா வாசர் தட்டையாப்போச்சு. சந்தேகமெண்டா கடைச் சோடாவை ஊத்தி மூடி வாளித் தண்ணிக்குள்ள சரிச்சுப் பிடியும், குமிழ் வந்தா மாத்தும். கம்பி ஸ்ரெயின்லஸ் எண்டா நல்லம், எங்கட கடல் காத்துக்கு மற்றதெல்லாம் ஒரு மாரிக்குள்ள துரு. மூடியின்ர தலை பீங்கானோ பிளாஸ்ரிக்கோ, அது உம்மட விருப்பம்.

அப்பாவுக்குக் கொண்டு வாறது கஸ்ரம்ஸ்காரரிட்டயும் விமானக் கம்பனியிட்டயும் கேக்க வேண்டிய விசயம், என்னட்ட இல்லை. இஞ்ச வீட்டில காய்ச்சிற யோசனையை மட்டும் விடும், 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோட தான் இருக்கு, லைசன்ஸ் இல்லாமல் ஏலாது. வயசான காலத்தில மனுசனைப் பொலிசுக்கு அலைய விடாதையும். அவரோட இருந்து நல்ல ஒரு மீன் குழம்பு சாப்பிடும், அது போதும் அவருக்கு.

கலியாணத்துக்குக் குடுக்கிறது நல்ல விசயம் தம்பி, பேசிப்போட்டன் எண்டு விட்டிடாதையும். தங்கச்சிக்கு அண்ணன் தன்ர கையால செய்து குடுக்கிறதை எந்தக் கடையில வாங்கிறது? ஐப்பசி முதல் கிழமையே காய்ச்சி முடிச்சுப்போடும், ஹைட்ரோமீற்றர் அசையாமல் நிண்ட பிறகு ஊத்தும், ரெண்டு கிழமை வெளியில வைச்சு ஒண்டைத் திறந்து பாத்து சரியெண்டா எல்லாத்தையும் குளிருக்குள்ள மாத்தும், வாறவையிட்ட வீட்ட போனவுடன பிறிச்சுக்குள்ள வைக்கச் சொல்லும். காரில விட்டிட்டு நடனமாடப் போற ஆக்களுக்குப் பியர் குடுக்காதையும், பலகாரம் குடுத்து அனுப்பும்.

ஊருக்கு வரேக்க எனக்கு ஒரு பக்கெற் வாசர் கொண்டு வாரும். இஞ்ச ஹாட்வெயாரில கேட்டா பைப் வாசரைத் தூக்கித் தாறாங்கள்.