அடுப்படிக் கேள்விகள்: துருப்பிடித்த வோக்கும் கஷாயமாகிப்போன கிரீன் கறியும்

"அக்கா, மகன் ஆசைப்பட்டான் என்று ஃப்ரைட் ரைஸ் செய்ய கார்பன் ஸ்டீல் வோக் ஒன்று வாங்கினேன். முதல் நாளே சோறு அப்படியே அடியில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன், காலையில் பார்த்தால் உள்ளே முழுக்கத் துரு. ஏமாந்துவிட்டேனா?"
– திருச்சி வாசகி

ஏமாறவே இல்லை, சட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டு இரும்பு தோசைக்கல் வந்த புதிதில் எத்தனை தோசையைப் பிய்த்தது என்று நினைத்துப் பாருங்கள். வோக்கும் அதே இரும்புதான், பழக்காமல் வேலைக்கு ஆகாது. கடையிலிருந்து வரும்போது துரு ஏறாமல் இருக்க மேலே எண்ணெயோ மெழுகோ பூசித்தான் அனுப்புகிறார்கள், முதலில் அது போக வேண்டும். உங்களுடையதில் இப்போது துருவும் சேர்ந்திருக்கிறது, அதனால் இரும்பு நாரும் சோப்பும் வைத்து உள்ளும் புறமும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்த கையோடு அடுப்பில் ஏற்றுங்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு பெரிய தீயில் காயவிடுங்கள். சாம்பல் நிறத்தில் இருக்கும் இரும்பு தீ படும் இடத்தில் முதலில் வைக்கோல் நிறத்துக்கு வந்து, அப்புறம் மயில் கழுத்து மாதிரி நீலமாக மாறும். ஒரு பக்கம் மாறியதும் சாய்த்துப் பிடித்து அடுத்த பக்கத்தைக் காட்டுங்கள். கைப்பிடி மரமாக இருந்தால் ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் மாறியபிறகு தீயைக் குறைத்து ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, துணியால் எங்கும் தேய்த்து, தேய்த்த எண்ணெயையே மறுபடி துடைத்து எடுத்துவிடுங்கள். இதில்தான் நிறையப் பேர் தவறுவது. எண்ணெய் கூடினால் படலம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். மெல்லியதாக விட்டுப் புகை அடங்கும்வரை காய்ச்சினால் அந்த எண்ணெயே சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிப்போகும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் போதும். கடைசியில் சீனாவில் இஞ்சித் துண்டும் வெங்காயத்தாளும் போட்டு கருக வதக்கிக் கொட்டுவார்கள். நாம் தோசைக்கல்லில் வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது.

பழகுகிறவரை புளி, தக்காளி, வினிகர் மூன்றும் வேண்டாம், புளிப்பு அந்தப் படலத்தைத் தின்றுவிடும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். ஊறவைப்பது மட்டும் என்றைக்குமே கூடாது.

சோறு ஒட்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். சூடான சோறு போட்டீர்களா? வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி சீக்கிரம் ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுங்கள், உதிர் உதிராக வரும். ராத்திரி முழுக்க வெளியே வைக்காதீர்கள், வேகவைத்தாலும் சாகாத ஒரு வகைக் கிருமி சோற்றில் உண்டு, வெளியில் கிடந்தால் பெருகும். வீட்டு அடுப்பின் தீ ஹோட்டல் அடுப்பில் கால்வாசிகூட வராது, அதனால் இரண்டு பேருக்கு ஆகிற அளவு மட்டும் ஒரு தடவைக்குப் போடுங்கள்.

"யூடியூப் பார்த்து தாய்லாந்து கிரீன் கறி செய்தேன். அதில் 'கலங்கல்' (galangal) என்ற கிழங்கைப் போடச் சொன்னார்கள், அது அரத்தை என்று படித்தேன். நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்கிப் பொடித்துப் போட்டேன். வீட்டில் எல்லோரும் 'யாருக்கு இருமல்?' என்று கேட்கிறார்கள்!"
– கோவை வாசகி

கிட்டத்தட்ட சரியாகத்தான் போயிருக்கிறீர்கள், கடைசி அடியில் வழி மாறிவிட்டது. அரத்தையில் சிற்றரத்தை, பேரரத்தை என்று இரண்டு உண்டு. தாய்லாந்துக்காரர்கள் 'கா' என்றும் மலேசியாவில் 'லெங்குவாஸ்' என்றும் சொல்வது பேரரத்தை, அதுவும் பச்சையாக. நீங்கள் வாங்கியது காய்ந்து சுருங்கிய சிறிய ரகம், கஷாயத்துக்கான சரக்கு, காரமும் கசப்பும் தூக்கலாக இருக்கும். பச்சைப் பேரரத்தை பார்க்க இஞ்சிபோல இருந்தாலும் தோல் வெளுத்து மினுமினுப்பாக, வளையம் வளையமாகக் கோடு ஓடி, முளை வரும் இடத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும். வெட்டி முகர்ந்தால் எலுமிச்சையும் தேவதாரு மரமும் கலந்தாற்போல ஒரு வாசனை. இஞ்சியைவிடக் கட்டி, குறுக்கே மெல்லிசாக நறுக்காவிட்டால் மிக்ஸி திணறும். கிடைக்கும்போது வாங்கி, வில்லைகளாக நறுக்கி ஃப்ரீசரில் போட்டுவையுங்கள், மாதக்கணக்கில் இருக்கும். தொட்டியில் ஒரு கிழங்கை நட்டாலும் நம் வெயிலுக்கு நன்றாக வரும்.

கிடைக்கவே இல்லையென்றால் இஞ்சியைப் பாதி அளவு போடலாம், ஆனால் அது வேறு குழம்பு என்று தெரிந்தே போடுங்கள். தேங்காய்ப்பாலில் மட்டும் நமக்குக் கவலையே இல்லை. கெட்டியான முதல் பாலை அடுப்பில் வைத்து எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அதிலேயே அரைத்த விழுதை வதக்கி, அப்புறம் இரண்டாம் பாலை ஊற்றுவது அங்கே பழைய முறை.

"சோயா சாஸில் லைட், டார்க் என்று இரண்டு பாட்டில் இருக்கிறது. எதை வாங்குவது?"
– மதுரை வாசகர்

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லைட். உப்பும் ருசியும் அதில்தான். டார்க் கெட்டியாக, லேசான இனிப்போடு, முக்கியமாக நிறத்துக்கு. லைட் கேட்கும் இடத்தில் அதே அளவு டார்க்கை ஊற்றினால் நூடுல்ஸ் தார் ரோடு மாதிரி ஆகும். லேபிளைத் திருப்பிப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று இருந்தால் பல மாதம் புளிக்கவைத்தது. அமிலத்தால் புரதத்தை உடைத்து சில நாளிலேயே எடுப்பதும் உண்டு, அதற்கு நிறம் கொடுக்க கேரமல் சேர்ப்பார்கள், ருசி தட்டையாக இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் கவனம், 'சோயா' என்ற பெயரை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்.

"நாங்கள் சைவம். ஃபிஷ் சாஸுக்குப் பதில் என்ன போடலாம்?"
– கும்பகோணம் வாசகி

லைட் சோயா சாஸும் கொஞ்சம் உப்பும். தாய்லாந்திலேயே 'ஜே' எனப்படும் சைவத் திருவிழா நாட்களில் சோயா சாஸ்தான் அந்த இடத்துக்கு வரும். இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும்: கடையில் விற்கும் கறி பேஸ்ட் பாட்டில்கள் பலவற்றில் இறால் விழுது உண்டு. மேலே காய்கறிப் படம் போட்டிருந்தாலும் சேர்மானத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

"சீனச் சமையலில் எள்ளெண்ணெய் என்கிறார்களே, நம் நல்லெண்ணெய் போதாதா?"
– சேலம் வாசகி

போதாது. நம்முடையது வறுக்காத எள்ளில் ஆட்டியது. அவர்களுடையது எள்ளைச் சிவக்க வறுத்து எடுப்பது, தேன் நிறம், அரை ஸ்பூனுக்கே வீடு மணக்கும். தாளிக்க வேண்டாம், அடுப்பை அணைத்தபிறகு ஊற்றுங்கள். சின்ன பாட்டில் போதும்.

"மோமோ செய்ய மூங்கில் ஸ்டீமர் வாங்கலாமா?"
– சென்னை வாசகி

இட்லிப் பானை இருக்கும்போது வேண்டாம் என்பேன். மூங்கில் மூடி ஆவியை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் தண்ணீர் சொட்டாது, அதன் அருமை அதுதான். நம் பானை மூடியில் ஒரு பருத்தித் துணியை உட்புறமாக வைத்து நுனிகளை மேலே முடிச்சுப் போட்டால் அதே வேலை நடக்கும். குழி இல்லாத தட்டில் முட்டைக்கோஸ் இலை பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்குங்கள், ஒட்டாமல் எடுக்கலாம். தண்ணீர் கொதித்த பிறகே தட்டை வையுங்கள். காய்கறி பூரணம் என்றால் எட்டு பத்து நிமிடம். வெந்த இலையை எறியாதீர்கள், மிளகு தூவி சூப்பில் நறுக்கிப் போட்டால் நன்றாக இருக்கும்.