சாமியறையும் குசினியும்: கேட்டவையும் சொன்னவையும்

மட்டக்களப்பில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். சுனாமிக்குப் பிறகு உளவளத்துணை படித்து, இன்றுவரை குடும்பங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அன்பு, கடவுள் நம்பிக்கை, நன்றி பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி, யார் சமைப்பது, யார் காசு கொடுப்பது, யார் நோயாளியைப் பார்ப்பது என்பதுதான். அன்பு தட்டுப்படுவதும் அங்கேதான், தட்டுப்பாடாவதும் அங்கேதான்.

கலியாணம் கட்டிப் பதினொரு வருசம். அவர் வயலே கதி என்று இருக்கிறார். அன்பாக ஒரு வார்த்தை இல்லை. என்னில் விருப்பம் இருக்கா என்றே தெரியவில்லை ரீச்சர். (வெல்லாவெளி)

தங்கச்சி, யானைக் காவலுக்கு இரவு முழுக்கப் பரணில் இருந்துவிட்டு விடிய வருகிற மனுசன், கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு வருகிறாரா? நீங்கள் எழும்ப முந்தி கிணற்றில் நாலு வாளி அள்ளி வைக்கிறாரா? முதலில் அதைக் கவனியுங்கள். ஆனால் 'செய்கையில் காட்டுகிறார்தானே, இன்னும் என்ன வேணும்' என்று பெண்களின் வாயை அடைப்பது எனக்குப் பிடிக்காது. வேண்டியதைக் கேளுங்கள். 'என்னில் அன்பிருக்கா' என்று கேட்டால் மனுசன் திரும்பவும் பரணுக்கே ஓடிவிடுவார். 'ராத்திரி யானை வந்ததா, எந்தப் பக்கத்தால் வந்தது' என்று தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் உங்கள் இரவைப் பற்றிச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தைப்பூசத்துக்குப் புதிர் எடுத்து, புது அரிசிச் சோற்றைச் சாமிக்குப் படைப்பீர்கள் அல்லவா? அந்த வேளாண்மைக்குப் பசளை வாங்க உங்கள் காப்பும் அடகுக்குப் போயிருக்கும். படைத்த கையோடு, பிள்ளைகளுக்கு முன்னால், 'அம்மா இல்லாமல் இந்த நெல் இல்லை' என்று அவர் ஒருதரம் சொல்லட்டும். இதை முதல் நாளே அவரிடம் கேட்டு வையுங்கள். கேட்டு வாங்கினாலும் அது அன்புதான்.

கட்டாரில் வேலை. மகனுக்கு ஒன்பது வயது. வீடியோவில் 'ஹலோ அப்பா' என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான். (கல்முனை)

தம்பி, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டியா, படிச்சியா, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை. பொலிஸ் விசாரணைபோல இருந்தால் எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு என்றால், உங்களுக்குப் பின்னேரம் ஐந்து மணி, வீட்டில் இரவு ஏழரை. அவர்கள் இடியப்பம் சாப்பிடும்போது போனைத் தண்ணிச் செம்பில் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே வெங்காயம் வெட்டுங்கள். பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. அப்பா வெங்காயம் வெட்டி அழுவதைப் பார்த்து அவனே சிரிப்பான், மறுகா கதையும் வரும்.

வீட்டில் 'அப்பா உனக்காகத்தான் அங்கே கஷ்டப்படுகிறார்' என்று நாளும் பொழுதும் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு நன்றி வராது, பயம்தான் வரும்.

உம்மா இரண்டு வருசமாகப் படுக்கை. என் கலியாணத்துக்கு உம்மா இருந்த வீட்டை எனக்கு எழுதினார்கள். அதனால் 'வீடு உனக்குத்தானே' என்று ராத்தாவும் (அக்கா) காக்காவும் (அண்ணன்) எல்லாவற்றையும் என் தலையில் விட்டுவிட்டார்கள். சில நாள் உம்மாவிலேயே எரிச்சல் வருது. பிறகு தொழுதுவிட்டு அழுவேன். இது பாவமா? (சம்மாந்துறை)

பாவம், நன்மை எல்லாம் உங்கள் மௌலவியிடம் கேட்க வேண்டியது தங்கச்சி. ஆனால் பெற்றோரைப் பார்த்து 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்று குர்ஆனில் இருப்பது எனக்கும் தெரியும். அந்தக் கட்டளை உங்களுக்கு மட்டும் இறங்கவில்லை. காக்காவுக்கும்தான்.

நம் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டைப் பெண்ணுக்கு எழுதுகிறோம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். நல்ல வழக்கம். பெண்ணுக்குக் காலடியில் சொந்த நிலம் இருக்கிறது, தாயும் தகப்பனும் மகளோடு இருக்கிறார்கள். ஆனால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் எழுதாத ஒரு நிபந்தனையையும் கூடவே சேர்த்துவிடுகிறோம்: கடைசிக் காலம் முழுவதும் அந்த ஒருத்தியின் பொறுப்பு. உம்மா எழுதித் தந்தது வீட்டைத்தான். மற்றப் பிள்ளைகளின் கடமையை அவரால் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் புண் வரும். இரவும் பகலும் அதைத் தனியாகச் செய்கிறவருக்கு எரிச்சல் வராவிட்டால்தான் நான் யோசிப்பேன். எரிச்சல் வந்த நேரம் முற்றத்துக்கு வந்து முகம் கழுவிவிட்டுப் போங்கள், போதும். அப்புறம் ஒரு தாளை எடுங்கள். பம்பர்ஸ், மருந்து, பால்மா என்று மாதச் செலவை எழுதி, காக்காவின் பங்கு இது என்று காட்டுங்கள். ராத்தாவுக்குக் கிழமையில் ஒரு பகலும் ஒரு இரவும் முறை. உதவி கேட்பதுபோல் கெஞ்ச வேண்டாம். ராத்தா பார்க்க வந்தால் தேத்தண்ணி ஊற்ற ஓடாதீர்கள். கையில் துவாயும் இளஞ்சூட்டுத் தண்ணியும் கொடுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். உம்மாவின் முதுகைத் துடைத்துப் பார்த்தால்தான் நீங்கள் படும் பாடு விளங்கும்.

குடித்துவிட்டு அடிக்கிறார். 'அம்மனுக்கு நேர்த்தி வை, பொறுத்துப்போ, பிள்ளைகளை நினை' என்கிறா அம்மா. (அம்பாறை மாவட்டம், ஊர் வேண்டாம்)

நேர்த்தி வைப்பது உங்கள் விருப்பம் மகள். அடி வாங்குவது எந்த நேர்த்தியிலும் சேராது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நீங்களே கேட்கலாம், உங்களுக்காகப் பொலிஸும் கேட்கலாம். 1938 என்ற எண் பெண்களுக்கான உதவிச் சேவை. காயம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பதியுங்கள், 'விழுந்தேன்' என்று சொல்லாதீர்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: கண்ணகி பொறுத்துப் போனவள் இல்லை. அவளுக்குத்தான் நாம் ஊரூராகக் கோயில் வைத்திருக்கிறோம்.

பதினைந்து வயது மகள் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு வரமாட்டேன் என்கிறாள். 'போரிங்' என்கிறாள். (செட்டிபாளையம்)

அங்கே அவளுக்கு என்ன வேலை? சாறி கட்டிக்கொண்டு நிற்பதும், 'யாருடைய மகள்' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும்தானே? எனக்கே அலுக்கும். வைகாசியில் கோயில் கதவு திறந்து, அம்மனைக் குளிரப் பண்ணும் குளிர்த்திவரை நடப்பது எதற்கு என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா? மதுரையை எரித்த கோபத்தோடு நிற்கிறவளிடம் யாரும் 'அடங்கு' என்று சொல்வதில்லை. ஊரே கூடி, பாடி, அவள் கோபத்தைக் குளிரப் பண்ணுகிறது. பதினைந்து வயதுக்கு இது நன்றாக விளங்கும். பொங்கல் பானையை அவள் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் திட்டாமல் போய் வாருங்கள். வீட்டிலும் அவள் கோபித்தால் இப்படித்தானா நடக்கிறோம் என்று நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

நான் கத்தோலிக்கம், அவர் சைவம். பிள்ளைக்கு ஞானஸ்நானமா, கோயிலில் சோறூட்டலா? (புளியந்தீவு)

இது கலியாணத்துக்கு முந்தியே பேசியிருக்க வேண்டிய விசயம். ஆயரின் அனுமதி எடுத்துத்தான் கட்டியிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க இயன்றதைச் செய்வேன் என்று அப்போது நீங்கள் வாக்குக் கொடுத்திருப்பீர்கள், அவருக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள். அதை மறைக்காமல் மாமியிடம் நீங்களே சொல்லுங்கள். சோறூட்டலைப் பங்குத்தந்தையிடம் கேட்டு, வீட்டில் மாமியின் கையால் செய்யலாம்.

2004 டிசம்பர் 26இல் தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது. அன்றிலிருந்து அம்மா சாமிப் படத்துக்குப் பூ வைப்பதில்லை. இப்போது எனக்குப் பிள்ளை பிறந்திருக்கு. 'கடவுளுக்கு நன்றி சொல்லுங்கம்மா' என்றால் எழும்பிப் போகிறா. (கல்லடி)

சொல்லச் சொல்லாதீர்கள் மகன். உங்கள் நன்றியை நீங்கள் சொல்லுங்கள், அம்மாவின் கணக்கு வேறு. பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார்? அம்மாதான் என்றால் அந்த நேரம் பக்கத்தில் இருந்து, தங்கச்சி குளிக்க அழுவாளா என்று கேளுங்கள். வீட்டில் அவள் பெயரைச் சொல்லப் பயப்படாதீர்கள். அம்மா நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல் இருந்தால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு எடுங்கள், அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

மகன் ரியூசன் முடிந்து வர ஏழரை. ஆறு மணிக்கு விளக்கு வைக்கும்போது எல்லாரும் இருக்க வேணும் என்று மாமா தினமும் சண்டை. (களுவாஞ்சிகுடி)

விளக்கை ஆறு மணிக்கு மாமா ஏற்றட்டும். தேவாரத்தை ஏழரைக்குப் பாடுங்கள். மாமாவுக்குப் பசித்தால் முந்திச் சாப்பிடட்டும்.