திருகோணமலை உப்புவெளிப் பக்கம் மணல் வளவு. அன்னாசி, றம்புட்டான், புளூபெரி வைக்க மண்ணை எப்படி அமிலமாக்கலாம்?

முதலில் புளூபெரியை மறந்துவிடுங்கள். 4.5 முதல் 5.5 வரை பிஎச் (அமில-கார அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) வேண்டும் என்று வீடியோக்களில் சொல்வது சரிதான். ஆனால் பெரும்பாலான வகைகள் ஒழுங்காகப் பூக்க 7 பாகைக்குக் கீழே சில நூறு மணித்தியாலக் குளிரும் வேண்டும். திருகோணமலையில் மார்கழி இரவிலேயே போர்வை தேவைப்படுவதில்லை. மண்ணை மாற்றலாம், குளிருக்கு எங்கே போவது?

மற்ற இரண்டுக்கும் நீங்கள் மண்ணைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். நான் முதலில் கிணற்றைப் பார்க்கச் சொல்வேன். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? அப்படியென்றால் தண்ணீரில் பைகாபனேற்று என்ற கார உப்பு அதிகம். மண்ணுக்கு என்ன போட்டாலும், தினமும் ஊற்றும் அந்தத் தண்ணீரே சிறிது சிறிதாகக் காரப்பக்கம் இழுத்துவிடும். வாளியில் வினாகிரி கலந்து ஊற்றச் சொல்வார்கள். அது தற்காலிகம்தான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வினாகிரியைத் தின்று முடித்ததும் காரம் திரும்பி வரும். தேயிலைச் சக்கை, தேசிக்காய்த் தோல் எல்லாம் மூடாக்குக்கு நல்லவை. பிஎச்சைப் பெரிதாக அசைக்காது.

மண்ணையும் ஒரு முறை பாருங்கள். கடற்கரைக்குக் கிட்ட என்றால் மணலில் சிப்பி, பவளத் துண்டுகள் கலந்திருக்கலாம். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அந்த மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு கிலோ சிப்பித்தூளைக் கரைக்கவே ஏறத்தாழ 320 கிராம் கந்தகம் போய்விடும்; சிப்பி தீரும்வரை பிஎச் இறங்காது. நுரைக்காவிட்டால் கந்தகத்தூள் வேலை செய்யும். அதை அமிலமாக மாற்றுவது பக்டீரியா என்பதால் மண் ஈரமாக இருக்க வேண்டும், சில மாதங்களும் எடுக்கும். மழை தொடங்கும்போது போடுவதே புத்தி.

நுரைக்கும் மண் உள்ளவர்களுக்கு நான் சொல்வது பெரிய தொட்டி அல்லது அடியில் ஓட்டை போட்ட பழைய பீப்பா. தும்புத்தூளையும் கூட்டெருவையும் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும், ஆகவே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி எடுங்கள். ஊற்றுவதற்கு மழைநீர். 10 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர் விழும். ஐப்பசி முதல் தை வரை பெய்வதைப் பீலி வைத்துத் தாங்கியில் பிடித்தால் சில தொட்டிகளுக்குக் கணிசமான காலம் வரும். முதல் மழையை மட்டும் ஓடவிடுங்கள். கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) காலத்துத் தூசியும் கடலுப்பும் கூரையில் படிந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஏற்ற செடி அன்னாசிதான். இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில் திறக்கும் செடி என்பதால் பகல் வெயிலில் தண்ணீரை அதிகம் இழக்காது. பிஎச் 4.5 முதல் 6.5 வரை தாங்கும். மொறீசியஸ் வகைப் பக்கக்கன்று ஒன்றை வைத்தால் ஒன்றரை வருடத்துக்குள் பழம் எதிர்பார்க்கலாம். தென்னையின் அரைநிழலும் போதும். இளம் இலை மஞ்சளானால் இரும்பு கிடைக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். கார மண்ணில் இரும்புச் சல்பேற்றைப் போட்டால் அங்கேயே கட்டுப்பட்டுப்போகும். லீற்றருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைக்குத் தெளியுங்கள். ஹவாய்த் தோட்டக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே இப்படித்தான் தங்கள் அன்னாசியைக் காப்பாற்றினார்கள்.

றம்புட்டான்? தென்மேற்கு ஈரவலயத்து மல்வானைப் பக்கத்து ஈரம் கேட்கிற மரம் அது. உப்பும் ஆகாது, கச்சான் காற்றில் இலை ஓரம் கருகும். ஆசை விடாவிட்டால் ஒட்டுக்கன்று மட்டும் வாங்குங்கள், விதைக்கன்று ஆண்மரமாகப் போனால் காயே இல்லை. என்னைக் கேட்டால் அந்த இடத்தில் மாதுளையோ சப்போட்டாவோ வைப்பேன். இரண்டுக்கும் உங்கள் மணலோடு பெரிய சண்டை இல்லை.

அப்புறம், அடுப்புச் சாம்பலை அன்னாசித் தொட்டியில் கொட்டாமல் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். அது காரம். மாதுளை அடியில் கொஞ்சம் போடலாம்.