உங்கள் எல்ஃப்களுக்குச் சொர்க்கம் ஏன் ஒட்டவில்லை

நண்பரே, உங்கள் கதையில் எல்ஃப்கள் (கற்பனைக் கதைகளில் வரும், மனிதரைப் போன்ற ஓர் இனம்) ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்கிறார்கள், ஆனால் இறுதிச் சடங்குக் காட்சி எழுதினால் மனிதர்களின் மதம் மாதிரியே வந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மூப்பே வராதவர்களுக்குச் சொர்க்கம் எதற்கு? சிக்கல் அங்கேதான்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் எல்ஃப்களைப் பாருங்கள். நோயோ முதுமையோ அவர்களைக் கொல்லாது. வெட்டுப்பட்டோ துயரம் தாங்காமலோதான் சாவார்கள். அப்போதும் உலகத்தை விட்டுப் போக முடியாது. உயிர், இறந்தோரைக் காக்கும் தேவனான மாண்டோஸின் மண்டபங்களில் காத்திருக்கும், பிறகு உடலோடு திரும்பவும் கூடும். உலகம் முடியும்வரை அதோடு கட்டுண்டவர்கள். மனிதனோ செத்தால் உலகத்தை விட்டே போய்விடுகிறான். அதனால் அங்கே சாவு மனிதனுக்குக் கிடைத்த கொடை! எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்கும் இடம் இது. காலக்கணக்கும் வேறு, நம் 144 ஆண்டுகள் சேர்ந்தால்தான் அவர்களுக்கு ஒரு 'யேன்', அதாவது அவர்களின் ஒரு நீண்ட ஆண்டு.

ஆகவே, உங்கள் காட்சியில் சொர்க்கத்தை எடுத்துவிட்டு நினைவை வையுங்கள். 300 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதத் தோழியின் பெயரை ஓர் எல்ஃப் இன்றும் உரக்கச் சொல்கிறாள். அந்தத் தோழியின் முகத்தை அறிந்தவர் வேறு யாரும் உயிரோடில்லை. அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். எழுதியதும் இங்கே போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.